வீட்டுக்கு ரொட்டி வந்தது

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ரொட்டி வந்தால், அந்த வீட்டில் யாரோ காய்ச்சலில் படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பாலில் நனைத்து நோயாளிக்குக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் உண்டென்று வேப்பம்பட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் முழு ரொட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மேலே ஒரு துணியைப் போட்டு மூடத் தெரிய வேண்டாமா? அந்த மனிதருக்கு அதெல்லாம் வராது.

அப்போது சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. அங்கே துரைமார் சாப்பாட்டுக் கூடத்துச் சமையற்கட்டில் இவர் வெங்காயம் உரிக்கும் எடுபிடி. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். எடுபிடிகளில் ஒருவரைச் சண்டை நடக்கிற அஸ்ஸாமுக்கு அனுப்பப் போகிறார்கள், அதில் இவர் பேர்தான் அடிபடுகிறது என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து பழைய சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் துரை இவரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரொட்டி புட்டிங் செய்து காட்டு, நன்றாக இருந்தால் இனி நீதான் சமையல்காரன் என்றாராம்.

"நல்லா வந்தா ஆவடி, மே. வரலேன்னா அஸ்ஸாம்," என்றார் இவர்.

"உனுக்கு அது செய்யத் தெரியுமாய்யா?"

"தெனம் பாத்துகினுதானே கீறேன்."

"நான்கூடத்தான் ரயிலு ஓட்றத தெனம் பாக்கறேன். நாளைக்கு எஞ்சின குடுத்தா ஓட்டிடுவேனா?"

திட்டினேனே தவிர, வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று அடுப்பை மூட்டியதும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல ரொட்டியைத் துண்டு போட்டேன். பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, நாலு முட்டையை உடைத்து அடித்து, ரேஷனில் வந்த சர்க்கரை முழுவதையும் கொட்டி, ரொட்டியை அதில் ஊறப்போட்டேன். துரைமார் சமையற்கட்டில் இதற்கென்று இரும்புப் பெட்டி அடுப்பு இருக்கிறதாம். நம்மிடம் ஏது? அகலச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் பித்தளைப் பாத்திரத்தை வைத்து மூடி, மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணலை அள்ளிப் போட்டோம். இவர் குனிந்து தணலை ஊதிக்கொண்டே இருந்தார்.

"மேல ஊத்திக்க இனிப்பா ஒரு சாஸு வோணும்," என்றார். முகாமிலும் சர்க்கரையை அளந்துதான் கொடுப்பார்களாம், புட்டிங்குக்கே சரியாகிவிடுமாம். வெல்லம் இருக்கும்போது எனக்கென்ன பயம்? கரைத்து வடிகட்டி, கம்பிப் பதம் வருமுன் இறக்கி, கைப்பழக்கத்தில் சுக்கையும் ஏலக்காயையும் தட்டிப் போட்டுவிட்டேன். "ஐயோ, சுக்கு போடச் சொன்னனா?" என்று குதித்தார். சுக்கில்லாமல் என்ன பாகு?

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்து நின்றாள்.

"ஆருக்குடி ஒடம்பு செரியில்ல?"

"ஆருக்கும் இல்லக்கா."

"மறைக்காத. ரொட்டி வந்தத என் கண்ணால பாத்தேன்."

பேச்சுக் குரல் கேட்டு இவர் உள்ளேயிருந்து வெளியே வந்தார். புகையில் கண் இரண்டும் ரத்தச் சிவப்பு, உடம்பெல்லாம் வேர்வை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாமே, புருசன் இப்டி கெடக்கறான், காச்சல் இல்லன்றியே?" என்று வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகிவிட்டுத்தான் போனாள். மறுநாள் காலை குத்தம்பாக்கத்திலிருந்து என் அம்மா வண்டி கட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்துவிட்டாள். மருமகன் பிழைக்க மாட்டான் என்று சேதி போயிருக்கிறது! அழுகிற வாயில் ஒரு துண்டு புட்டிங்கைப் பாகு ஊற்றி வைத்தேன். அழுகை நின்றது. "இன்னொரு துண்டு குடு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாகை ஒரு சின்ன ஜாடியில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தவருக்கு வாயெல்லாம் பல். துரை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றாராம். சாஸில் இருந்த சுக்கு வாசனை ஊரில் தன் அம்மா கை வாசனை மாதிரியே இருக்கிறதென்று கண் கலங்கிவிட்டாராம். "நான்தான் இனிமே சமையக்காரன் மே!" எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை அந்தத் துரைக்கே அஸ்ஸாம் உத்தரவு வந்தது. இந்தச் சமையல்காரன் இல்லாமல் நான் போக மாட்டேன் என்று முதல் பேராக இவர் பேரை எழுதிக்கொடுத்துவிட்டார் அந்த மகராசன். மற்ற எடுபிடிகள் எல்லாம் ஆவடியிலேயே நிம்மதியாக வெங்காயம் உரித்தார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அதுவும் சுக்குப் போட்டு!

ஒன்றரை வருஷம் கழித்துக் கை கால் முழுசாகத்தான் திரும்பி வந்தார். "என் சமையல இனிமே எவனுக்காவது கொண்டுபோய்க் குடுத்தே, பாத்துக்கோ," என்றுதான் அவரை உள்ளே விட்டேன். ஆனால் திரும்பி வருவார் என்று அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? ரயில் ஏற்றிவிட்டு வந்து பாயில் விழுந்தவள், இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். முழு ரொட்டி ஒன்று. ஆவடி வரைக்கும் நடந்து போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"தெருவுல ஆரும் பாக்காம மூடிக்கினு வந்தேன்," என்றாள். "இப்பவும் ஒடம்புக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லாத. எந்திரி, துன்னு."

எழுந்து உட்கார்ந்தேன். மாடத்தில் மிச்சமிருந்த பாகை அவளே எடுத்து ஊற்றினாள். அழுதுகொண்டேதான் தின்றேன். கடைசித் துண்டு தீரும்வரை அவள் நகரவில்லை.