கொமிஷன்காரி

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்: கொமிஷன்காரி. உழைத்து வாங்கிய பெயர் என்பதால் இப்போது கோபம் வருவதில்லை. அப்போது நன்றாகவே வந்தது.

என் தங்கச்சிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பதுளையில் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பாடசாலையில், விடுதியில் தங்கிப் படித்துச் சைகை மொழி பழகினாள். பிறகு எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து கொழுந்தெடுக்கப் போனாள். கை அவ்வளவு வேகம். அவள் கூடையைப் பார்த்து வயிறெரியாத ஆள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் குறைவு. ஒரு நாள் மலையில் குளவிக் கூடு கலைந்தது. "குளவி, குளவி" என்று கத்திக்கொண்டே எல்லாரும் ஓடினார்கள். அவள் மட்டும் தன் நிரையில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது முகம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டாள். வீக்கம் வடிந்ததும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டிலேயே கணக்கப்பிள்ளை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அவரிடம் போய் நின்றேன்.

"எனக்கு அவ மேல ஒரு வருத்தமும் இல்லம்மா. இன்னொரு தடவ ஒண்ணு ஆச்சுன்னா துரைக்கு நான்தான் பதில் சொல்லணும். மலையில அவளுக்கு ஒரு சேதி சொல்லவும், அவ சொல்றத வெளங்கிக்கவும் ஆள் இருந்தா கூட்டிட்டு வா. பேர் போடுறேன்" என்றார்.

எனக்குச் சைகை தெரியும். ஆனால் நான் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். நான் எங்கே போய் நிரையில் நிற்பது? அம்மாவோ, "வீட்டுல இருக்கட்டும், கஞ்சியோ கூழோ குடிச்சிக்கலாம்" என்று ஒரே பாட்டு. தங்கச்சி வீட்டிலிருந்த நாட்களில் பாத்திரம் கழுவும் சத்தம் லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் அப்படிக் கழுவினாள்.

அந்தச் சமயத்தில் போனில் ஒரு சைகை மொழி ஒன்லைன் வகுப்பைப் பார்த்தேன். கற்பிப்பவரே காது கேளாத இளம் டீச்சர். கீழே தமிழ் எழுத்து ஓடும். தங்கச்சியிடம் காட்டினேன். நம் நாட்டுச் சைகைதான், சரியாகத்தான் செய்கிறார், என்ன, கொஞ்சம் மெதுவு என்றாள். வகுப்புக்குக் கட்டணம் உண்டு. ஆனால் நாம் அனுப்பும் லிங்க் வழியாக யாராவது சேர்ந்தால் நமக்குக் கொமிஷன் கிடைக்கும். அதைப் படித்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். டவுன் ஆட்களைச் சேர்ப்பது, வருகிற கொமிஷனில் தங்கச்சியோடு வேலை செய்த பெண்களுக்குக் கட்டணம் கட்டுவது.

தங்கச்சியே சொல்லிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தாள். அவளுக்குப் பொறுமை இல்லை, இவர்களுக்கு வெட்கம் போகவில்லை. ஒருத்தி சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள், அவள் எழுந்து போய்விடுவாள். திரைக்குள் இருக்கிற ஆள் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது.

கடைக்கு வந்த ஒருவரையும் நான் விடவில்லை. அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர்கள்கூட லிங்கோடுதான் வெளியே போனார்கள். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும். எல்ல ஊரில் ஒரு சுற்றுலா விடுதியில் வேலை செய்யும் பெண் சேர்ந்தாள். மொனராகலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு ஒரு டீச்சர் சேர்ந்தார். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகக் கேட்டார்.

"இதுல ஒனக்கு என்ன கிடைக்குது தங்கச்சி?"

"கொமிஷன் கிடைக்குது நானா."

"மறைக்காம சொன்னியே, அது போதும். காது கேக்காத ஆக்கள் கடைக்கு வந்தா நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். என்னைச் சேத்து விடு."

டவுனில் ஆள் சேர்த்தது லேசு. லயத்தில்தான் நாக்குத் தள்ளியது. கட்டணம் நான் கட்டுகிறேன், போனும் நான் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னேன். துணி துவைக்கணும், விறகு பொறுக்கணும் என்றார்கள். ஒரு நாள் பைப்படியில், பக்கத்து லயத்து அக்கா நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஆரம்பித்தார்.

"தங்கச்சிக்கு காது கேக்காதத காட்டி காசு பாக்குறா கொமிஷன்காரி. குளவி வந்தா ஒரு துண்ட ஆட்டிக் காட்டுனா போதாதா? அதுக்கு என்னா கிளாசு?"

குடத்தைக் கீழே வைத்தேன். "ஆமாக்கா, காசு பாக்குறேன். அந்தக் காசுலதான் ஒங்களுக்கும் கட்டி வச்சிருக்கேன். குளவி வந்தாத்தான் அவகிட்ட பேசுவீங்களா? தண்ணி வேணுமா, வயிறு வலிக்குதான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

அக்கா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். மலையில் அவர் தங்கச்சிக்கு அடுத்த நிரை. அன்றைக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நாலைந்து பேர் வந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றார். அதற்கடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார். கொழுந்து கிள்ளிக் காய்ப்பேறிய விரல்கள் போனில் டீச்சர் காட்டுகிறபடி மடங்க மறுத்தன. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கிவிட்டாள். எல்லாரிலும் மெதுவாகப் படித்தவர் அக்காதான், ஒரு வகுப்பும் தவறாமல் வந்தவரும் அவர்தான். என்னோடு மட்டும் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து, கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கச்சியைப் பெரட்டுக்குக் கூட்டிப் போனேன்.

"வெளங்குற ஆள் யாரு?" என்றார் கணக்கப்பிள்ளை.

அக்கா முன்னால் வந்தார். "என் பக்கத்து நிரையில போடுங்க ஐயா."

"அப்ப கேளு பாப்போம். மலைக்குப் போக பயமா இல்லையா? அன்னைக்கு அவ ஏன் ஓடல?"

பழக்கத்தில் என் கை எழுந்தது. அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அக்கா நிதானமாகக் கேட்டார். நடுவில் ஒரு சைகை தப்பியது, தங்கச்சி திருத்தாமல் காத்திருந்தாள். பிறகு பதில் சொன்னாள். அக்கா விளங்க விளங்கச் சத்தமாகச் சொன்னார்.

"பயம் இருக்காம். வீட்டுல சும்மா இருக்கிறது அத விட கஷ்டமாம். அன்னைக்கு நாங்க ஓடுனத பாத்தாளாம்." அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "மழை வருதுன்னு நெனச்சாளாம். நனைஞ்சா பரவாயில்ல, கூடை நெறையட்டும்னு நின்னாளாம்."

தங்கச்சியின் கைகள் இன்னும் நிற்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் என்னமோ சொல்றாளே, என்னா?" என்றார் கணக்கப்பிள்ளை.

அக்கா தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது என்னைய கேக்குறா ஐயா. இனிமே ஓடுனா, அவளையும் கூட்டிட்டு ஓடுவேனான்னு."

அந்தப் பதிலை அக்கா கணக்கப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. தங்கச்சியைப் பார்த்துத் திரும்பி நின்று கையால் சொன்னார். கணக்கப்பிள்ளை அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பேர் போட்டார்.