ஓட்டத்தோடு போகாத நாள்

மஸ்கட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது, மூச்சடக்கி முங்கி ஈட்டியால் மீன் குத்த எனக்குக் கற்றுக்கொடுத்தவன் முத்துப்பேட்டைக்கார நண்பன். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டார். கல்லூரியில் நீச்சல் பந்தயங்களுக்குப் போனவர். பங்குனியில் தரங்கம்பாடிக் கடல் கொஞ்சம் தெளியும். அங்கே ஒரு மீனவரின் ஃபைபர் படகில், மீன் ஒதுங்கும் புதிய பாறைத் திட்டுகளைத் தேடிப் போவோம். பாறைத் திட்டை அவர் 'பார்' என்பார்.

தேடும் முறை எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு மூவரும் இறங்கி, நீரோட்டம் இழுக்கும் பக்கமே மிதந்துகொண்டு அடித்தரையைப் பார்த்தபடி போக வேண்டும். படகு பின்னாலேயே வரும். யாருக்காவது பார் தென்பட்டால் கையை உயர்த்த வேண்டும். நான் சொல்லும் அன்றைக்கு, தேடுவது மட்டும்தான் என்று எல்லோரும் ஈட்டியைப் படகிலேயே வைத்துவிட்டோம்.

இரண்டு முறை மிதந்தும் மணலைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவது முறை, எனக்குக் கீழே மணல் முடிந்து கறுப்பாக ஏதோ எழுந்தது. முங்கிப் பார்த்தேன். யானை முதுகுபோல் பாறை. அதன் பிளவிலிருந்து பெரிய களவா மீன் ஒன்று என்னைப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போனது.

மேலே வந்து கையை உயர்த்தினேன். மற்ற இருவரும் தண்ணீருக்குள் முகத்தை வைத்தபடி தூரம் போயிருந்தார்கள். படகு அவர்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இடத்தை விட்டுவிடக் கூடாது என்று, நான் கூடவே இழுத்து வந்த மிதவையின் சின்ன நங்கூரத்தைப் பாறையில் மாட்டிவிட்டு அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவர்கள் படகில் ஏறுவது தெரிந்தது. இனி திரும்புவார்கள் என்று நினைத்தேன். படகு நீரோட்டம் போன பக்கமே, வடக்கே போயிற்று. நான் அவர்களுக்கு முன்னால் இழுத்துச் செல்லப்பட்டதாக நினைத்துவிட்டார்கள். விசில் ஊதினேன், எட்டவில்லை. கயிற்றை விட்டால் என்னைத் தேடவே முடியாது என்று தோன்றியது. பயம் அதிகமில்லை. கரையில் தெரிந்த தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்துத்தான், வளைந்து வளைந்து தேடிக்கொண்டே படகு தெற்கே வந்தது.

"எங்க போனீங்க?" என்றார் படகுக்காரர்.

"எங்கயும் போகலண்ணே. இங்கயேதான் இருந்தேன். கீழ பார் இருக்கு."

நண்பன் என்னைத் தூக்கிப் படகில் போட்டான். "ஓட்டத்தோட வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்போம்டா. நீ நின்னா நாங்க எங்கன்னு தேடுறது?"

அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்: "உங்க வீட்ல போய் என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தேங்க."

அதுவரை சொல்லத் தயாராக வைத்திருந்த நியாயமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "தப்புதான்" என்றேன். படகுக்காரர் கரையில் தெரிந்த கோட்டையையும் ஒரு தேவாலயத்தையும் வைத்து இடத்தை மனதில் குறித்துக்கொண்டார். அன்று மறுபடி யாரும் தண்ணீரில் இறங்கவில்லை.

அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போனோம். நண்பன் நடுத்தரமான ஒரு களவாவைக் குத்திக்கொண்டு வந்தான். "இறங்குடா, தண்ணி நல்லா இருக்கு" என்று கூப்பிட்டான்.

"நீங்க பாருங்க, நான் மேல இருக்கேன்" என்றேன். தண்ணீருக்கு மேல் அவர்கள் இரண்டு பேர் தலையும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.