நெயில் பாலிஷ் பூசிய இரும்பு

என் மகளின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள். பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. வார்ப்பு இரும்பாலான பம்பு உடலுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றி, தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று ஒன்று தாங்கவில்லை. தெறித்த துண்டு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நசுக்கிவிட்டது.

மூன்றாம் நாள் முதலாளி ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"புள்ள அவசரத்துல பிரஷரக் கூட்டிப்போட்டுதுங்க அக்கா. வார்ப்புல கொறை இல்லீங்க. ஒடஞ்ச துண்ட எடை போட்டு, தண்ணியில முக்கி, அடர்த்தி பாத்தோமுங்க. ஏழு புள்ளி ரெண்டு. நல்ல இரும்புங்க."

விபத்து அறிக்கையிலும் அப்படியே எழுதியிருந்தார்: ஊழியரின் கவனக்குறைவு. அந்த ஒரு வரி இருந்தால் வேறு எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது. "அளவுக்கு மேல ஏத்தலீங்கம்மா" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் போனதும் ஆப்பிள்களைக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன்.

அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, உடைந்த இன்னொரு துண்டைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் குடுத்தேன்னு சொல்லிப்போடாதீங்க."

நான் இயற்பியல் படித்தவள். சமையலறைத் தராசில் துண்டை வைத்தேன்: 468 கிராம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் நூல் கட்டி இறக்கி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, வழிந்ததை அளந்தேன். 65 மில்லி. வகுத்தால் ஏழு புள்ளி இரண்டு.

ஒரு நிமிடம் என் மகளைச் சந்தேகப்பட்டேன். முதலாளிமேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

பிறகுதான் குமிழி உறைத்தது. கெட்டி இரும்பில் குமிழி எங்கிருந்து வரும்? உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஊசி நுழையும் ஓட்டைகள், தேன்கூடு மாதிரி. துண்டை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். ஓட்டைகளை அடைக்க மெல்லிய பூச்சு ஏதாவது வேண்டும் என்றபோது, மகள் தன் அலமாரியைக் காட்டினாள்.

"நெயில் பாலிஷ எடுத்துக்குங்கம்மா. இனி எட்டு வெரலுக்குத்தானே, மிச்சமாத்தான் போகும்."

சிவப்புதான் இருந்தது. பூசி, உலர்த்தி, மறுபடி இறக்கினேன். குமிழி இல்லை. வழிந்தது 75 மில்லி. அடர்த்தி ஆறே கால்கூட இல்லை.

மறுநாள் காலை ஷிப்டு ஆட்கள் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, துண்டோடு கம்பெனிக்குப் போனேன். தனியாக அவர் அறையில் பேச எனக்கு விருப்பமில்லை.

"ஏனுங்க அக்கா, உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா?"

"காபி வேண்டாமுங்க. உங்க தராசுலயே இதப் போடச் சொல்லுங்க."

அவருடைய ஆய்வாளரே எடை போட்டார், அளந்தார், வகுத்தார். எண்ணை உரக்கச் சொல்லச் சொன்னேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"பாலிஷ் பூசுனா எப்படிங்க கணக்கு சரியா வரும்?" என்றார் முதலாளி.

"பூசாம முக்குனா ஓட்டைக்குள்ளயெல்லாம் தண்ணி பூந்துக்குதுங்க. ஓட்டைய விட்டுப்போட்டு மிச்ச இரும்ப மட்டும் அளந்திருக்கறீங்க."

"கம்பெனி பேரு கெட்டுப்போயிருமுங்க அக்கா."

"எம்புள்ள பேரக் கெடுத்தப்ப ஆப்பிள் வாங்கத் தோணுச்சுங்களே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.

வார்ப்பில்தான் குறை, ஊழியர்மேல் தவறில்லை என்று அறிக்கையைத் திருத்தி எழுதவைத்தேன். அது கையில் இருந்தும் குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறேன். அவரை மன்னிக்கும் எண்ணம் இல்லை.

திருத்திய அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டபோது, பேனாவைப் பிடித்திருந்த அவருடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். பேனா நழுவிக் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.