காருக்கு அடியில் ஒட்டிய பைபர்

வளைவு வருகிறதென்றால் என் மச்சினன் பேச்சை நிறுத்திவிடுவான். ஒரு கையால் கதவுக்கு மேலிருக்கும் பிடியையும் இன்னொரு கையால் முன் இருக்கையையும் இறுக்கிக்கொள்வான். என் மனைவியின் தம்பி அவன். சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்கியவனுக்கு, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கால் இருக்கிற நமக்குத் தெரிவதில்லை, காரில் நாம் பாதி காலால்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவன் கையால் உட்கார்ந்திருந்தான்.

கார் என்னுடையது, மூன்றாவது கைக்கு வந்த பழைய வண்டி. காலையில் தருவைகுளத்திலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விளாத்திகுளம் பக்கம் வீடு வீடாகக் கொடுப்பேன். செவ்வாயும் வெள்ளியும் வியாபாரத்தை விட்டுவிட்டு அவனைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிப் பயிற்சிக்குக் கூட்டிப் போவேன். இடது காலின் பெருவிரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. இந்த ஆறு மாதம் விடாமல் வந்தால் ஊன்றுகோல் வைத்தாவது நிற்கலாம், விட்டுவிட்டால் பிறகு நிற்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வேறு வண்டியில் அவன் ஏற மாட்டான். மூத்திரக் குழாயும் பையும் எப்போதும் உடம்போடு இருந்தன. சில நாள் துணியும் நனைந்துவிடும். "உங்க வண்டில ஏற்கெனவே மீன் நாத்தம் அத்தான், என் நாத்தம் யாருக்குத் தெரியப் போவுது" என்று சிரிப்பான். அந்த ஒரு தைரியத்தில்தான் வந்துகொண்டிருந்தான்.

என் வண்டிக்கோ வளைவு ஆகாது. முன்பக்கம் திரும்பிய பிறகு ஒரு நொடி கழித்துப் பின்பக்கம் யோசித்துத் திரும்பும். கதவுகள் முனகும். ஒருநாள் பைபாஸிலிருந்து இறங்கும் திருப்பத்தில் அவன் பிடி நழுவிக் கதவில் சாய்ந்தான். குழாய் இழுபட்டு ரத்தம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து படுக்க வைத்த பிறகு சொன்னான்: "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நான் வரமாட்டேன் அத்தான். கோவத்துல சொல்லல."

மறுநாளே தூத்துக்குடியில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். மனுஷர் வேலையைவிடப் பேச்சில் கெட்டிக்காரர். அவரிடம் போனால் இரண்டு வார்த்தையாவது மனசில் ஒட்டிக்கொண்டு வரும்.

"ஷாக் அப்சர்பர் புதுசு, புஷ் புதுசு. இனி ஆடுதது சக்கரம் இல்ல அண்ணாச்சி. வண்டி உடம்பே முறுக்குது" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். உள் தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் விரலால் முறுக்கினார். நெளிந்தது. தட்டைத் திரும்பச் செருகி முறுக்கினார், அசையவில்லை. "உங்க வண்டிக்கு இந்தத் தட்டு வேணும்."

முன்னால் இஞ்சினுக்கு மேலே இரண்டு ஷாக் அப்சர்பரும் வந்து சேரும் மேடுகளை இணைத்து ஒரு கம்பி, அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸின் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க இரண்டு குறுக்குக் கம்பி. ரேஸ் வண்டிக்குப் போடுவதாம்.

"ரேஸுக்கா போகப் போறீரு?" என்று பக்கத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டியைத் தூக்கி அடியில் பார்த்த மெக்கானிக், "இது என்னது?" என்றார்.

அங்கேதான் என் புத்திசாலித்தனம் இருந்தது. இரண்டு வருஷம் முன்னால், மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிக் கண்ணாடியிழைப் பைபர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். படகு வேலை செய்கிறவர் எனக்குச் சிநேகிதர். உப்புக் காற்றில் காரின் அடிப்பக்கம் துருப்பிடிப்பதைச் சொல்லிப் புலம்பினேன். "கடலையே உள்ள விடாத சாமான்வே இது. ரோட்டுத் தண்ணிய விட்டுருமா?" என்றார். படகுக்கு ஒட்டுவதுபோலவே பைபர் இழைப் பாயை விரித்து, ரெசின் பசை தடவி, சேசிஸ் முழுவதையும் மூடிவிட்டார். மேலே நீலப் பெயின்ட். கரையில் எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "இனி ரோடு தீந்தா அப்படியே கடல்ல இறக்கிரலாம்" என்றான் ஒருத்தன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மெக்கானிக் ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். "இத உரிச்சிட்டுப் பாப்போம் அண்ணாச்சி. உள்ள இரும்பு எப்படி இருக்குன்னு தெரியாம கம்பி போடக்கூடாது."

நான் சம்மதிக்கவில்லை. உரித்தால் உப்பு ஏறிவிடும் என்று வாதம் செய்தேன். உண்மையில் அந்த நீலத்தை உரிக்க மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வண்டி வேண்டும் என்ற அவசரம் வேறு. பைபர் ஒட்டிய சிநேகிதருக்குப் போன் போட்டேன். "போல்ட்ட ஊடால விட்டு முறுக்கச் சொல்லும். மேல ரெண்டு பாய் சேத்து ஒட்டித் தாரேன். எஞ்சினையே தாங்குதே படகுல" என்றார். மெக்கானிக் அரை மனதாக ஓட்டை போட்டார். துளைக் கருவியோடு பழுப்பாகப் பொடி வந்தது. அவர் அதை விரலில் தொட்டு என்னிடம் காட்டினார். "கொஞ்சம் துரு இருக்கத்தானே செய்யும்" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த விரல்தான் கண்முன் நிற்கிறது.

கம்பி போட்ட பிறகு முதல் பயணம். அதே திருப்பம். வண்டி ஒரே உடம்பாகத் திரும்பியது. கதவு முனகவில்லை. மச்சினன் பிடித்திருந்த கைகளில் ஒன்றை எடுத்து மூக்கைச் சொறிந்தான்.

"அத்தான், தண்டவாளத்துல போற மாதிரில்லா போவுது."

அடுத்த வளைவையும் அதே வேகத்தில் எடுத்தேன்.

நாலைந்து வாரம் அப்படி ஓடியது. பயிற்சி அறையில் பிடித்து நிற்கிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே, முழங்காலில் பட்டை கட்டி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் நின்றான். வெளியே வந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். நின்றால் முதலில் எங்கே போவாய் என்று கேட்டேன். "கக்கூசுக்கு. தனியா" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், திரும்பி வரும்போது பாலத்திலிருந்து வளைந்து இறங்குகிற இடம். அவன் மடியில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் உரித்துக்கொண்டிருந்தான். அடியில் பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக வீசியது. கம்பி ரோட்டில் உரசிக்கொண்டு வர, வண்டியை எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் இருக்கையில் ஆள் இல்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே மடங்கிக் கிடந்தான். மூத்திரப் பை கிழிந்து எல்லாம் நனைந்திருந்தது. உப்பு லாரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி வந்து, முகம் சுளிக்காமல் தூக்கி உட்கார வைத்தார்கள்.

பழைய வண்டியென்றால் விழுந்திருக்க மாட்டான். கம்பி போட்டதால்தான் கையை விட்டான்.

மெக்கானிக் பைபரை உரித்தார். நீலத் தோல் அப்படியே முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே சேசிஸ் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. ஈரம் சொட்டியது. என் மீன் பெட்டிகளிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர், தரைவிரிப்பு வழியாக இறங்கி, வெளியேற வழியில்லாமல் இரண்டு வருஷமாக அங்கேயே தங்கியிருக்கிறது. கடல் உள்ளே வராமல் காக்கிற பைபர், உள்ளே இருந்த உப்புத் தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் காத்து வைத்திருக்கிறது. போல்ட் பிடித்துக்கொண்டிருந்தது இரும்பை அல்ல, பைபரை.

"வெல்டிங் வச்சு ஏதாவது..." என்றேன்.

"வெல்டிங் பிடிக்கணும்னா பக்கத்துல நல்ல இரும்பு வேணும் அண்ணாச்சி. இதுல எங்க வைக்க?" என்றார். முதல் தடவையாக அவர் பேச்சில் ருசி இல்லை.

செவ்வாய்க்கிழமை வாடகைக் கார் ஒன்றைக் கூட்டி வந்தேன். மச்சினன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அக்கா முகத்துக்காகச் சட்டை மாற்றிச் சக்கர நாற்காலியில் வாசல்வரை வந்தான். டிரைவர் நல்ல பையன்தான். ஆளைப் பார்த்ததும் டிக்கியைத் திறந்து, ஒரு பாலிதீன் தாளை எடுத்து உதறி, பின் இருக்கையில் பாந்தமாக விரித்தான். மடிப்பைக் கையால் தடவிச் சரி செய்தான்.

மச்சினன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"திருப்பி வீட்டுக்குள்ள தள்ளுங்க அத்தான்" என்றான்.

அடுத்த வெள்ளியும் கேட்டேன். அதற்கடுத்த செவ்வாயும் கேட்டேன். அவன் அக்கா அழுதாள், சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். அவன் யாரிடமும் கோபப்படவில்லை. வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்று சொல்லி, சில நாள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து முயன்றான். பிறகு அதுவும் இல்லை. டாக்டர் சொன்ன ஆறு மாதம் முடிந்த பிறகு, பெருவிரல் அசைகிறதா என்று நாங்கள் பார்ப்பதையும் நிறுத்திவிட்டோம்.

இடையில் ஒருநாள் பயிற்சி கொடுக்கிற பெண் போன் செய்தார். நன்றாக வந்துகொண்டிருந்தவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"வண்டி போயிட்டும்மா" என்றேன்.

"வேற வண்டி கிடைக்காதா சார்?"

"கிடைக்கும்மா" என்றேன். மீன் நாத்தம் அடிக்கிற வண்டிதான் கிடைக்காது.