இரண்டு கதவு ஃபிரிட்ஜில் எனக்கொரு தட்டு

என் ஓரகத்தி ஃபிரிட்ஜைத் திறக்கும் விதமே தனி. இரண்டு கைகளையும் அகல விரித்து, இரண்டு கதவுகளையும் ஒரே இழுப்பில் திறப்பாள். ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வந்தால் கட்டிக்கொள்ளக் கை நீட்டுவார்களே, அப்படி. எடுக்கப்போவது ஒரு பால் பாக்கெட்டாக இருக்கும், இல்லை இரண்டு எலுமிச்சம்பழமாக இருக்கும். அதற்கும் இரண்டு கதவும் திறந்தாக வேண்டும். திறந்துவிட்டு உடனே எடுத்துவிடவும் மாட்டாள். எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். நான் அடுக்களை வாசலில் கரண்டியும் கையுமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வயிறு அப்போது எரிந்த எரிச்சலில் ஒரு வேளைச் சோறு பொங்கியிருக்கலாம்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் அவள்தான். அவளும் அத்தானும் வெகுகாலம் அமெரிக்காவில் இருந்தார்கள். என் மாமியாருக்கு முடியாமல் ஆனபோது, இனி தூத்துக்குடியோடு இருந்துவிடுவோம் என்று கிளம்பி வந்தார்கள். மகனை அங்கேயே கல்லூரியில் விட்டுவிட்டார்கள். வீட்டுச் சாமான்களை எல்லாம் ஒரு கண்டெய்னரில் ஏற்றிக் கப்பலில் அனுப்பினார்கள். எங்கள் துறைமுகத்திலிருந்து உப்பும் கருவாடும் வெளியே போய்த்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் அடுக்களையே முழுதாக உள்ளே வந்து இறங்கியது அதுதான் முதல் தடவை.

சாமான்களைக் கட்டுவதற்கு முன்பே அத்தான் போனில் கேட்டிருந்தார், "அப்பா, நம்ம வாசல் நெலை எத்தன அடி அகலம்?" மாமனார் யோசிக்கவே இல்லை. "மூணேகால் அடி. ஆசாரி சொன்ன கணக்கு, தப்பாது." தப்பவில்லைதான். ஆனால் எங்கள் பக்கத்து ஆசாரிமார் நிலைக்கு அளவு சொல்லும்போது வெளிக்கூட்டு அளவைத்தான் சொல்வார்கள். இரண்டு பக்கத்து மரத்தின் கனமும் அதில் சேர்த்தி. நடுவில் ஆள் நுழைகிற வழி இரண்டரை அடியைத் தாண்டாது. அமெரிக்கக்காரன் ஃபிரிட்ஜின் அகலம் மூன்றடி என்றால் மூன்றடிதான். இப்படியாக அந்த ஃபிரிட்ஜ் லாரியிலிருந்து இறங்கி, தெருவே கூடி நின்று பார்க்க, வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. கதவைக் கழற்றினார்கள், பக்கவாட்டில் திருப்பினார்கள், சாய்த்தார்கள். அது அசையவில்லை. நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குளுகுளு என்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. நிலையைப் பெயர்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "நெலையில கை வைக்கப்புடாது. மஞ்சள் பூசி, பூ வச்சி, நல்ல நேரம் பாத்து நிறுத்துனது. சொவர இடிங்க." அவர் கட்டிய வீட்டில் நிலையைத் தொட்டால் பாவம், சுவரை இடித்தால் பாவமில்லை. ஹால் ஜன்னலை எடுத்து, அதற்குக் கீழே இருந்த சுவரையும் இடித்து, அந்த வழியாக அதை உள்ளே கொண்டுவந்தார்கள். மறுநாளே கொத்தனார் வந்து சுவரைப் பழையபடி எழுப்பிவிட்டார். அடுக்களைக் கதவு அதைவிடக் குறுகல் என்பதால் அது ஹாலிலேயே நின்றுகொண்டது. நின்ற இடம் என் ஃபிரிட்ஜ் இருந்த மூலை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் அது. அதைப் பின்வாசலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டு இரண்டு கதவையும் விரியத் திறந்து காட்டினாள். "ஏளா, இந்தத் தட்டு பூரா உனக்கு. ஒன் சாமானெல்லாம் இங்கன கொண்டாந்து வச்சிக்கோ." நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. மாவுச் சட்டி, தயிர், நேற்றைய மீன்குழம்பு, கறிவேப்பிலை, மல்லிகைப் பூ என்று என் ஃபிரிட்ஜிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துவந்து அடுக்கினேன். எல்லாம் அந்த ஒரு தட்டில் அடங்கிவிட்டது. அடங்கியது மட்டுமல்ல, மிச்ச இடமும் இருந்தது. என் குடித்தனம் மொத்தமும் அவளுடைய ஒரு தட்டுக்குக் காணாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மற்றச் சாமான்களையும் சொல்ல வேண்டும். துணி உலர்த்த ஒரு மிஷின் வந்திருந்தது. தூத்துக்குடி வெயிலில் கொடியில் போட்ட சேலை, அடுத்த சேலையைப் பிழிந்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இந்த ஊருக்குத் துணி உலர்த்த மிஷின். இருந்தாலும் அதிலிருந்து வந்த அவளுடைய துண்டுகள் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தன. எங்கள் துண்டுகள் உப்புக்காற்றில் காய்ந்து அப்பளம் மாதிரி நின்றன. ஒரு முழு ஆட்டையே உள்ளே வைக்கலாம் என்கிற அளவில் அடுப்பு ஒன்று. காரைத்தான் கொண்டுவர முடியவில்லை. அதைப் பற்றிப் பேசினாலே அவள் முகம் வாடிவிடும். "நம்ம தெருவுல அத நிறுத்துனா சைக்கிள்கூட போவ முடியாது" என்பாள். எங்கள் சின்னக் காரில் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு முழங்கால் இடிக்கும். திருச்செந்தூர் போய்வரும் வரைக்கும் கால் வலியைச் சொல்லிக்கொண்டே வருவாள். பின்னால் மாமியாருக்கும் என் மகளுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நான் இருப்பேன். எனக்கும் முழங்கால் உண்டு. அது இடிக்கிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

இதெல்லாம் சாமான். சாமான்மேல் வருகிற பொறாமை பண்டிகைப் பலகாரம் மாதிரி, நாலு நாளில் தீர்ந்துவிடும். எனக்குத் தீராமல் போனது என் மகளால். அந்த ஃபிரிட்ஜின் கதவில் ஒரு குழி இருந்தது. தம்ளரை வைத்து அழுத்தினால் கடகடவென்று பனிக்கட்டி விழும். பிளம்பரைப் பிடித்து அதற்கென்று குழாய் இழுத்திருந்தார் அத்தான். நான் ஆறுமுகநேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். பஸ் பிடித்து, உப்பளக் காற்றில் முகமெல்லாம் பிசுபிசுத்து, வீடு வந்து சேர நேரமாகிவிடும். மகள் எனக்கு முன்னால் வந்துவிடுவாள். முன்பெல்லாம் நான் வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் வந்த பிறகு கேட்டில் யாரும் இல்லை. ஹாலில் கடகட சத்தம் கேட்கும். எலுமிச்சைச் சாற்றில் பனிக்கட்டி மிதக்க, பெரியம்மாவும் அவளுமாகத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் மகள் தலையை நிமிர்த்தி, "வந்துட்டீங்களா" என்று கேட்பாள். விருந்தாக வந்தவர்களைக் கேட்கிற கேள்வி அது. பெற்றவளிடம் கேட்பதா?

பெரியம்மா கதை சொன்னாள், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள், தலை பின்னிவிட்டாள். அவளுக்கும் மகனைக் காணாத ஏக்கம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. அதற்காக என் பிள்ளையை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஒருநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, நானே எலுமிச்சை பிழிந்து, பின்வாசலில் மீனுக்கென்று ஓடிக்கொண்டிருந்த என் ஃபிரிட்ஜின் அலுமினிய டிரேயில் ஐஸ் வைத்து, அதைத் தரையில் தட்டி உடைத்துப் போட்டுக் கொடுத்தேன். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல மீன் வாட அடிக்கிம்மா" என்று வைத்துவிட்டாள். திரேஸ்புரத்திலிருந்து வாங்கிவந்த சீலா மீன் அதில் இருந்தது உண்மைதான். நான் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தேன். பல் கூசியது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அந்த இரண்டு கதவு யானை படுத்துவிட்டது. இந்த ஊர் கரண்டை அந்த ஊர் கரண்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு இருக்கும். இருந்தும் பலிக்கவில்லை. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மாமனாரிடம் சொன்னார், "அண்ணாச்சி, இது அந்த ஊரு கரண்டுக்குன்னே செஞ்ச மோட்டாரு. இங்கன இத்தன நாளு ஓடுனதே பெருசு. சாமான் கெடைக்காது." வீடே துக்கம் கேட்டது. எனக்கு மட்டும் சந்தோஷம். பின்வாசலிலிருந்த என் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜைத் துடைத்து, சந்தனம் வைத்து, அடுக்களை ஓரத்துக்கு நானே நகர்த்திக்கொண்டு வந்தேன். நான் எதிர்பார்த்தபடியே அவள் வந்தாள், கையில் தயிர்ச் சட்டியோடு. "ஏளா, கொஞ்சம் இடம் தாரியா?"

கதவில் முட்டை வைக்கிற பள்ளங்களுக்குக் கீழே, பாட்டில் நிற்கிற சந்து ஒன்றைக் காட்டினேன். முகம் சுண்டிப்போகும், எனக்கு அது போதும் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். தயிரை ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி அதில் செருகிவிட்டு, "பொம்ம வீடு மாதிரி எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளை எந்தச் சந்தில் வைத்தாலும் அவள் சின்னவள் ஆக மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று வந்த பொறாமைக்கு முன்னால் பழைய பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை.

மாமியார் காலமான பிறகு, தங்கள் மகனுக்குக் கல்யாணம் என்று ஓரகத்தியும் அத்தானும் அமெரிக்காவுக்குத் திரும்பப் போனார்கள். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். போகும்போது என் மகள் அழுத அழுகையை, நான் செத்தால்கூட அழுவாளா என்று தெரியாது. ஃபிரிட்ஜை வெளியே எடுக்க வழியில்லை. பழைய சாமான் எடுக்கிறவர் வந்து, நிலையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் அது ஹாலில்தான் நிற்கிறது. அரிசி, பருப்பு, வற்றல், கருப்பட்டி எல்லாம் அதற்குள்தான் வைத்திருக்கிறேன். எலியும் எறும்பும் அண்டாது. எல்லாத் தட்டுகளும் இப்போது என்னுடையவை. ஆனால் நான் எப்போதும் ஒரு கதவைத்தான் திறப்பேன். வேண்டியதை எடுப்பேன், மூடுவேன்.

மகள் படித்து, கல்யாணமாகி, மாப்பிள்ளையின் வேலையை ஒட்டி இப்போது ஜப்பானில் இருக்கிறாள். போன வருஷம் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சுற்றிக் காட்ட ஒன்றுமில்லை, நின்ற இடத்தில் நின்று திரும்பினாள், வீடு முடிந்துவிட்டது. ஃபிரிட்ஜ் அவள் இடுப்புக்குத்தான் வருகிறது. குனிந்துதான் திறக்க வேண்டும். குளியலறை வாசலில் வாஷிங் மிஷின். அடுப்பில் ஒரு சட்டி வைத்தால் அடுத்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜன்னல் வழியே கீழே நிற்கிற கார்களைக் காட்டினாள், எல்லாம் தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தன. "குண்டுச் சட்டிக்குள்ள குதிர ஓட்டுத மாதிரி இருக்குல்லாம்மா" என்று சிரித்தாள். பிறகு, "பெரியம்மா பாத்தா என்ன சொல்வாங்க" என்றாள். அங்கேயும் பெரியம்மா.

மகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஊருக்கு வர டாக்டர் சம்மதிக்கவில்லை, பேறுகாலம் அங்கேதான். துணைக்கு ஒரு ஆள் போக வேண்டும். ஒரு ஆள்தான் போக முடியும். சாமானைச் சுவரோடு ஒதுக்கினால் ஒரு படுக்கை விரிக்க இடம் வரும், அவ்வளவுதான். "பெரியம்மா டிக்கெட் போடவான்னு கேக்காங்கம்மா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் சரி என்றேன். பெற்றவள் நான் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்க நாக்கு வந்தது, கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு தட்டுதான் கிடைத்திருக்கிறது. அடுத்து வந்த நாட்களில் போன் அடிக்கும்போதெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். அமெரிக்காவில் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மகள் கூப்பிட்டாள். "நீங்களே வந்துருங்கம்மா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. அதோடு விட்டிருக்கலாம். பெரியம்மாவிடம் என்ன சொன்னாய் என்று என் வாய்தான் சும்மா இராமல் கேட்டது. அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். "பெரியம்மாவுக்கு இந்த வீட்ல மூச்சு முட்டிரும்மா. அவங்களுக்கு எல்லாம் பெருசா இருக்கணும். நீங்கன்னா எந்த மூலையிலயும் ஒதுங்கிக்கிடுவீங்கல்லா."

சரிம்மா என்று சொல்லி போனை வைத்தேன். பேறுகால மருந்துக்குச் சாமான் எடுத்து வைக்க வேண்டும். சுக்கு, திப்பிலி, ஓமம், உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் அந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன. முன்னால் போய் நின்றேன். வலது கையால் ஒரு கதவைப் பிடித்தேன். பிறகு இடது கையையும் நீட்டி, இரண்டையும் சேர்த்து இழுத்தேன். கீல் துருப்பிடித்திருந்தது, கதவுகள் முனகிக்கொண்டே விரிந்தன. உள்ளே வெளிச்சம் இல்லை. ஓரகத்தி எனக்கென்று கொடுத்த தட்டில்தான் கருப்பட்டி இருந்தது. எடுக்காமல் அப்படியே நின்றேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என் கணவர் உள்ளே வந்தார். "எதுக்குளா ரெண்டையும் தெறந்து போட்டிருக்க? ஒண்ணத் தெறந்தா எடுக்க முடியாதா?"

"முடியும்" என்றேன். மூடவில்லை.