காய்கறி அமைச்சர்

கத்தரிக்காய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுகிறார் ஒரு மனிதர். பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில், அவருடைய காரின் முன்இருக்கையில் நடக்கும் வேலை இது. சீட்டின் மேல்தாள் வந்துவிட்டது. அடித்தாள் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. காரின் ஹீட்டரைத் திருகி, பொட்டலத்தை அதன் வாயருகே காட்டுகிறார். பசை இளகுகிறது. "வா ராஜா, வா," என்று கொஞ்சுகிறார். வந்ததும் உருட்டி எடுத்துப்போய்க் கடை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருகிறார். பில் ஏற்கெனவே துண்டுதுண்டாகக் கிழிந்து அங்கேதான் கிடக்கிறது.

ஒரு முறை கடைக் காவலாளி இவரைத் திருடன் என்றே முடிவுகட்டிக் கார்க் கண்ணாடியைத் தட்டிவிட்டார். குப்பைத்தொட்டிக்குள் தோள்வரை கைவிட்டு, கிழிந்த பில்லைப் பொறுக்கி எடுத்துப் பொருத்திக் காட்டவேண்டியதாயிற்று. "எல்லாத்துக்கும் காசு குடுத்தாச்சு சார். காய் வீட்டுக்குப் போகலாம், விலை மட்டும் போகக் கூடாது," என்று விளக்கம் வேறு சொன்னார். காவலாளி இவரைப் பார்த்த பார்வையில் சந்தேகம் போய்ப் பரிதாபம் வந்திருந்தது.

விலை ஏன் வீட்டுக்குப் போகக் கூடாது? வீட்டில் மாமியார் இருக்கிறார்.

இவர் தொழில் லிஃப்ட் மெக்கானிக். பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்து சில வருஷமாகிறது. தொழிலில் அரிச்சந்திர வம்சம். கட்டடக்காரர் முகம் சுளித்தாலும், "இந்தக் கம்பி தாங்காது, மாத்தித்தான் ஆகணும்," என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவார். சின்ன வயதிலிருந்து சொல்லாமல் விட்ட பொய்களையெல்லாம் காய்கறிக்காகச் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

மாமனார் காலமான பிறகு மாமியாரைத் தனியே விட மனசில்லாமல் மகளும் மாப்பிள்ளையும் இங்கே அழைத்துக்கொண்டார்கள். வந்த அம்மாளுக்கு எல்லாம் பிடித்திருந்தது. குழாயில் வெந்நீர் வருவது பிடித்தது, பேருந்து ஓட்டுநர் வணக்கம் சொல்வது பிடித்தது. பிடிக்காதது ஒன்றுதான். தட்டில் எது விழுந்தாலும், "இது என்ன விலை?" என்று கேட்பார். கேட்டவுடன் மனசுக்குள் ஊர்க் காசுக்கு மாற்றிப் பெருக்குவார். அந்த வேகத்துக்கு எந்த இயந்திரமும் கிட்டே வரமுடியாது. விடை வந்ததும் முகம் மாறும்.

முருங்கைக்காய் வாங்கிவந்த முதல் நாளில் இவர் அப்பாவியாக உண்மையான விலையைச் சொல்லிவிட்டார். கடிக்க எடுத்த துண்டை அம்மாள் அப்படியே திரும்பக் குழம்பிலேயே போட்டுவிட்டார். "எனக்கு முருங்கைக்காய் ஒத்துக்காதும்மா," என்று மகளிடம் சொன்னார். மறுநாள் வெண்டைக்காய் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாள் தக்காளி. விலை ஏற ஏற அம்மாளுக்கு ஒவ்வாமையும் ஏறிக்கொண்டே போனது. மோரும் சோறும்தான் ஒத்துக்கொண்டன. பால் விலையையும் யாரோ சொல்லித் தொலைத்த பிறகு மோரும் போயிற்று.

ரவிக்கை தொளதொளவென்று ஆயிற்று. மருத்துவர் ரத்தம் குறைந்திருக்கிறது என்றார். மகள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதாள். "பேசாம ஊருக்கே அனுப்பிடலாங்க. தனியா இருந்தாலும் வயிறாரச் சாப்பிடவாவது செய்வாங்க. இங்க என் கண்ணு முன்னாடியே கரைஞ்சு போறாங்க." இவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தன் அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்தவர். அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட வீட்டில் ஓர் ஆள் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று மனைவிக்குக்கூட முழுசாகத் தெரியாது.

அந்த வாரம் வெண்டைக்காயோடு முதல் பொய்யும் வீட்டுக்குள் வந்தது.

"என்ன விலை மாப்பிள்ளை?"

"கிலோ முப்பது அத்தை. நம்ம ஊர்க் காசுக்கு. இப்ப வரத்து அதிகம், விலை விழுந்துபோச்சு."

உண்மை விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அம்மாள் இரண்டு முறை பொரியல் போட்டுக்கொண்டார். இவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் மாப்பிள்ளையை நேரே கண்டிப்பது மரியாதையில்லை என்பதால், அவர் காதில் விழும்படி அம்மாள் மகளிடம் சொன்னார்: "முப்பது அதிகம்டி. காய் முத்தல் வேற. பாவம் மாப்பிள்ளை, வாயில்லாப் பூச்சி. நல்லா ஏமாத்தறாங்க."

பத்து மடங்கு கொடுத்து வாங்கிவிட்டு, ஏமாளிப் பட்டமும் வாங்கிக்கொண்டார் மனிதர். ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம், "அடிச்சுப் பேசி இருபத்தஞ்சுக்கு முடிச்சேன் அத்தை," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அன்றைக்கு அம்மாள் மூன்றாவது முறையும் போட்டுக்கொண்டார்.

பேரம் என்றால் எதிரில் ஒரு கடைக்காரன் வேண்டுமே. விலைச்சீட்டோடு பேரம் பேசினேன் என்றா சொல்ல முடியும்? ஆகவே ஒரு கடைக்காரர் பிறந்தார். அவருக்கு மீசை உண்டு, முன்கோபம் உண்டு, பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள். பாத்திரம் இன்னும் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று முழங்கால் வலியையும் சேர்த்துவிட்டார். அங்கேதான் கொஞ்சம் பிசகிவிட்டது. அம்மாள் இரக்க சுபாவம். "பாவம், நாள் பூரா நின்னு விக்கிற மனுஷன்," என்று தைலம் காய்ச்சிப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். இல்லாத கடைக்காரருக்கு எப்படித் தேய்ப்பது? லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கித் தேய்ந்த தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார். நன்றாகக் கேட்டது. "வலி பறந்துபோச்சாம் அத்தை. இன்னொரு புட்டி கேக்கறார்," என்றார்.

விலையை எப்போதும் குறைத்துக்கொண்டே போனால் சந்தேகம் வரும் என்பதால் அவ்வப்போது ஏற்றவும் செய்தார். ஒரு தடவை, இயல்பாக இருக்கட்டும் என்று வெங்காயத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டார். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க வீட்டில் வெங்காயமில்லாத சாம்பார். வெங்காய விலையில் கை வைக்கிற எந்த அமைச்சருக்கும் நேர்வது அவருக்கும் நேர்ந்தது. அடுத்த வாரமே பணிந்து, பழைய விலைக்கே இறங்கிவந்தார்.

இத்தோடு நின்றிருந்தால் அது ஒரு குடும்ப ரகசியம். ஆனால் அம்மாளுக்கு உடம்பு தேறிவிட்டது. உடம்பு தேறியதும் கால் பூங்காவுக்கு நடந்தது. பூங்காவில் பிள்ளைகளோடு இருக்க வந்த நம்ம ஊர் அம்மாமார் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசும் பெஞ்சு ஒன்று உண்டு. அங்கே அம்மாள் வாயைத் திறந்தார். "என் மாப்பிள்ளை வெண்டைக்காய் இருபத்தஞ்சுக்கு வாங்கறார்."

அன்று மாலை வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "அண்ணே, எந்தக் கடைண்ணே அது? எங்கம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்றாங்க. 'லிஃப்ட் ரிப்பேர் பண்றவருக்கு இருக்கிற சாமர்த்தியம் உனக்கில்லை, நீ பேங்க்ல என்னத்தைத்தான் கிழிக்கிறே'ன்னு கேக்கறாங்க."

இவர் மழுப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முப்பது, இருபத்தைந்து, மீசை, முழங்கால், ஒன்று விடவில்லை. திட்டப்போகிறார் என்று இவர் காத்திருந்தார்.

"எங்கம்மாவும் ரெண்டு மாசமா வெறும் கஞ்சிதாண்ணே குடிக்கறாங்க," என்றார் வங்கிக்காரர். பிறகு, "நாளைக்குக் கத்தரிக்காய் என்ன விலைன்னு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

'அமைச்சர்' என்ற பட்டம் வங்கிக்காரர் சூட்டியதுதான். வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவரும், மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் பெண் ஒருத்தியும் அடுத்தடுத்துச் சேர்ந்தார்கள். பெஞ்சில் விலைகள் முட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? அதனால் சனிக்கிழமை காலையில், லிஃப்ட்டின் இயந்திர அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்புவார். "பீன்ஸ் நாற்பது. கேரட் மாற்றமில்லை. இஞ்சி கொஞ்சம் ஏறியிருக்கு, யாரும் பயப்பட வேண்டாம்." வானொலி அறிவிப்பாளரே தோற்றுப்போவார். செவிலி மட்டும் சண்டைக்கு வருவாள். "பாதாமை ஏன் சார் இவ்ளோ கீழ இறக்கினீங்க? எங்கத்தை ரெண்டு கிலோ வாங்கிட்டு வரச் சொல்றாங்க. என் சம்பளம் என்ன ஆகறது?" அமைச்சர் பரிசீலிப்பதாகச் சொல்வார். பரிசீலித்ததில்லை.

ஒரே ஒரு ஆசையை மட்டும் அவரால் தட்டிக்கழிக்க முடியவில்லை. அம்மாளுக்கு அந்தக் கடைக்காரரை ஒரு தரம் பார்க்கவேண்டும். இன்றைக்கு விடுமுறை, இன்றைக்குக் கடைக்காரர் வெளியூர், பெண்ணுக்கு வரன் பார்க்கப் போயிருக்கிறார் என்று நாட்களை ஓட்டினார். "வரன் அமைஞ்சதா?" என்று அம்மாள் அக்கறையாக விசாரிக்க ஆரம்பித்தபோது, இது எங்கே போய் முடியுமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

போன சனிக்கிழமை அந்த ஓட்டம் முடிவுக்கு வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, இவர் ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மாமியாரைக் காணோம். பக்கத்து வீட்டுக்காரர், "உங்க அத்தையும் இன்னொரு அம்மாவும் பை எடுத்துக்கிட்டுப் பெரிய கடைப் பக்கம் நடந்து போனாங்களே," என்றார். அமைச்சர் கைகூடக் கழுவவில்லை. கிரீஸ் படிந்த வேலை உடுப்போடு அப்படியே ஓடினார்.

காய்கறிப் பகுதியில் இருவரும் நின்றிருந்தார்கள். கூட வந்தவர் வங்கிக்காரரின் அம்மா. கஞ்சியிலிருந்து இப்போதுதான் கரையேறியவர், கழுத்தெலும்பு இன்னும் உள்ளே போகவில்லை. கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தபடியால் மாமியாரின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் வெண்டைக்காய்த் தட்டின் முன்னால், அதில் செருகியிருந்த விலை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அம்மாளின் உதடுகள் அசைவது தெரிந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. ஊர்க் காசுக்கு மாற்றுகிறார். ஒரு முறை முடித்தார். நம்பாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வாமை திரும்பி வரும், ரவிக்கை தொளதொளக்கும், ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்வார் என்று இவர் மனசு வரிசையாக எண்ணிக்கொண்டே போனது. அழுகைகூட வந்துவிடும்போலிருந்தது.

அம்மாள் நிமிர்ந்தார். கிழங்குக் குவியலுக்கு மேலே கிரீஸ் பூசிய ஒரு முகம் தெரிந்தது. மாப்பிள்ளையின் முகத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" என்றார் வங்கிக்காரரின் அம்மா. "வெண்டைக்காய் என்ன போட்டிருக்கான்? என் பையன் இருபத்தஞ்சுன்னு சொன்னான். சரியாத்தான் சொன்னானா? அதிகமா இருந்தா வேண்டாங்க்கா. எனக்கு எப்பவுமே வெண்டைக்காய் அவ்வளவா ஒத்துக்காது."

அம்மாள் இடது உள்ளங்கையை விலை அட்டையின் மேல் அழுத்தி வைத்தார்.

"இருபத்திரண்டு," என்றார். "இன்னிக்கு இறங்கியிருக்கு. யோசிக்காம ரெண்டு கிலோ அள்ளு. காசு குடுக்க என் மாப்பிள்ளை வந்திருக்கார்."

அட்டையிலிருந்து கையை எடுக்காமலே, வலது கையால் வெண்டைக்காய்களின் நுனியை ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று ஒடித்துப் பார்த்துப் பையில் போட ஆரம்பித்தார்.