என்ஜினுக்குப் பவுடர் பூசிய பகல்

கோட்டைப்பட்டினத்தில் உடைந்த படகின் பலகைகளைக் கொண்டே என் முதல் பட்டறையைக் கட்டினேன். கரையில் யாரோ கைவிட்டுப் போன என்ஜின் ஒன்றைக் கழற்றிவந்து மாவு மிஷின் ஓட்டினேன். நடுக்கடலில் நின்றுபோன விசைப்படகைச் சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டிக் கரை சேர்த்தேன். அறந்தாங்கியில் மாடி வீடு எழுப்பினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கடற்கரையில்தான். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், வேன் விஷயத்தில் கிழவன் ஏதோ குருட்டாம்போக்கில் கண்டுபிடித்தான் என்பார்கள்.

வேன் என் மாப்பிள்ளையுடையது. வளைகுடாவில் வேலை. போன லீவில் வந்தபோது வாங்கிப்போட்ட பழைய டீசல் வண்டி. அவர் அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் என் மகள் அதற்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஜன்னலுக்குத் திரை தைத்து ஒரு வீடாகவே ஆக்கிவிட்டாள். இந்த லீவில் இரண்டு பேரும் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போவதாக ஏற்பாடு.

ஆனால் நிறுத்திய இடத்திலெல்லாம் வண்டி எண்ணெய் சிந்தியது. வெளியூரில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் மாப்பிள்ளை காட்டினார். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுகிறது, உள்ளே சீல் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். லீவில் மிச்சம் இருந்தது பன்னிரண்டு நாள்.

“வித்துரலாம் மாமா. சாயங்காலம் பாக்க ஆளு வாராங்க” என்றார் மாப்பிள்ளை. என் மகள் திரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதத் திரும்ப மாட்டு தாயி” என்றேன். “சாயங்காலம் வரைக்கும் வண்டி என்னோடது.”

“பெரிய ஒர்க்‌ஷாப்புலயே சொல்லிட்டாங்க மாமா.”

“அவுங்க அடியில படுத்துப் பாத்துருக்காங்க மாப்ளே. நான் மேல படுத்துப் பாக்குறேன்.”

பழைய காலண்டர் தாள்களை வெள்ளைப்புறம் மேலே தெரிய வண்டிக்கு அடியில் பரப்பினேன். இரண்டு விதமான சொட்டு விழுந்தது. ஒன்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஏசி தண்ணீர், அதை விட்டுவிடலாம். இன்னொன்று கருப்பு, விரலில் வழுக்கியது, கருகல் வாடை. என்ஜின் ஆயில். ஆனால் சொட்டுகிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு. படகில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியும். படகு சாயும் பக்கமெல்லாம் எண்ணெய் ஓடும். நிற்கிற இடத்தை வைத்து அதன் பிறப்பைச் சொல்ல முடியாது.

அந்த வேனில் முன்சீட்டுகளுக்கு நடுவே மூடியைத் தூக்கினால் என்ஜின். டீசலால் கழுவித் துடைத்துக் காயவிட்டேன். பிறகு மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பவுடர் டப்பாவை எடுத்து, என்ஜின் மேலெல்லாம் தூவினேன். வெள்ளையில் எண்ணெய் நடந்தால் தடம் தெரியும்.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “எனக்குக் கல்யாணத்தன்னிக்கிக்கூட இம்புட்டுப் பூசல.”

“ஒனக்கு எங்கிட்டும் ஒழுகலையே.”

ஜன்னல்களைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, மகள் போட்ட கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைகள் காற்றில் எழும்பி அடங்கின. கட்டில் மெல்ல ஆடியது, நங்கூரமிட்ட படகு ஆடுவதுபோல. பவுடரின் மல்லிகை வாசம் சூட்டில் ஏறி வந்தது. கீழே அந்த வெள்ளை, கடல் உள்வாங்கிய மணல்திட்டாகக் கிடந்தது. அதன்மேல் ஒரு காலடியும் இல்லை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. நான் கரையில் இருக்கிறேனா, தண்ணீரில் இருக்கிறேனா என்றே மறந்துபோயிற்று. தூங்கவில்லை. தூங்கினேன் என்று என் வீட்டுக்காரி சொல்வது பொய்.

அப்போது மணல்திட்டின் மேற்கோடியில் ஒரு எறும்பு தெரிந்தது. எறும்பு நீண்டு கோடானது. என்ஜின் மேல்மூடியின் பின்மூலையிலிருந்து ஒரு கருப்பு நூல் இறங்கி, முதுகு வழியாகவே ஓடி, கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் போயிற்று. மூடியைக் கழற்றினால், அடியிலிருந்த ரப்பர் பேக்கிங் காய்ந்த தேங்காய்ச் சில்லாக அந்த மூலையில் வெடித்திருந்தது. சீலுக்கு ஒன்றும் இல்லை.

கடைத்தெருவில் புது பேக்கிங் வாங்கி மாட்டினேன். மறுபடி துடைத்து, மறுபடி பவுடர். கோட்டைப்பட்டினம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். பவுடர் பாதி பறந்திருந்தது. கருப்பு மட்டும் இல்லை. வண்டி பார்க்க வந்த ஆளிடம் என் மகளே போய்ச் சொன்னாள்: “விக்கிறதுக்கு இல்லண்ணே. நாளைக்கி கன்னியாகுமரி போறோம்.”

போனார்கள். கன்னியாகுமரியிலிருந்து வீடியோவும் போட்டார்கள். அதில் மாப்பிள்ளை என்ஜின் மூடியைத் தட்டிச் சிரிக்கிறார்: “சின்ன லீக்குதான். நாங்களே பாத்து சரிபண்ணிட்டோம்.”

நாங்களேவா?

கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலே வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு ‘உபயம்’ என்று பேர் எழுதுகிற ஊர் இது. அந்த வேனின் பின்கதவில் சிவப்புப் பெயிண்டில் எழுத வேண்டும்: கசிவு கண்டுபிடித்தவர் மாமனார். தூரத்திலிருந்து படிக்கிற அளவில் எழுத வேண்டும். பவுடர் உபயம் மாப்பிள்ளை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.